கரையில் எனக்காக நிற்காதே

“யாருங்க அது? என் படகுக் கயித்துல கை வச்சது யாரு?”

சயோரி திடுக்கிட்டுத் திரும்பினாள். மழைத்தொப்பியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்ட ஒருவன் நின்றிருந்தான். மார்பு வரை ரப்பர் உடை. கையில் கடற்பாசி அறுக்கும் வளைந்த கத்தி. கத்தி கையில் இருப்பதையே அவன் மறந்துவிட்டான். அவள்தான் அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

“நான்தான்… கயிறு தொளதொளன்னு கிடந்துச்சு. காத்துல படகு போயிடுமேன்னு இறுக்கிக் கட்டினேன். மூணு முடிச்சு போட்டிருக்கேன். இனிமே அசையாது.”

“மூணா!”

“ஒரு நன்றி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?”

“நன்றியா? ஒருத்தன் உள்ள தூங்கிட்டிருக்கும்போது வாசக்கதவை வெளியில ஆணி அடிச்சுட்டு, ‘திருடன் வரமாட்டான், நன்றி சொல்லு’ன்னு கேக்குற மாதிரி இருக்கு!”

அவள் முகம் சிவந்துபோனது. என்ன திமிர் இவனுக்கு! உதவி செய்தது குற்றமா?

எங்கள் கரையில் படகு கட்டுவதற்கென்று ஒரு முறை உண்டு. படகின் முகம் கடலைப் பார்த்திருக்க வேண்டும். சாவி இன்ஜினிலேயே தொங்க வேண்டும். கயிறு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள். அடுத்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். அப்புறம் எங்கள் மீனை யார் வாங்குவது?

அவன் குந்தி உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கட்டினான். நனைந்த கயிறு இரும்பாய் இறுகிக் கிடந்தது. நகத்தால் நெம்பினான், பல்லால் கடித்தான்… பிறகு கயிற்றை மூக்கு நுனிக்கே கொண்டுபோய் உற்றுப் பார்த்தான். சயோரியின் புருவம் உயர்ந்தது. ஓஹோ… கிட்டப்பார்வையா உனக்கு!

கண்களைப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. மலைகளுக்கு நடுவே இருக்கும் மொரியோகா நகரத்தில், ஒரு கண்ணாடிக்கடையில் வேலை. நாள் முழுக்க மனிதர்களின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள். மற்றப் பெண்கள் ஆணின் கண்ணில் காதலைத் தேடுவார்கள். இவளுக்குத் தெரிவதெல்லாம் பவர் எவ்வளவு என்பதுதான்.

கடைசி முடிச்சும் அவிழ்ந்ததும் அவன் நிமிர்ந்தான். மழைத்துளி ஒன்று இமையில் தொங்க, அவளை நேராகப் பார்த்தான். நீண்ட கண்கள்… கோபம் வடிந்த பிறகு அவற்றில் மிச்சமிருந்தது என்ன? பயமா? இவ்வளவு பெரிய ஆளுக்கா? அவளுக்குப் பவர் மறந்துபோனது.

“டேய் தெப்பெய்! அந்தப் பொண்ணை மழையில நிக்க வச்சு என்னடா விசாரணை?”

பாசி வேகவைக்கும் அண்டாவின் ஆவிக்குள்ளிருந்து குரல் கொடுத்தவள் அவன் அத்தை ஃபுசே. அப்பாவின் தங்கை. பெற்றோர் போன பிறகு அண்ணன் தம்பி இருவரையும் ஆளாக்கியவள். ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது.

சயோரி அண்டாப் பக்கம் ஒதுங்கி, தன் கதையைச் சொன்னாள். கடலோர ஊர்களுக்குப் போய்க் கண் பார்த்து, போன முறை அளவெடுத்தவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துவர அனுப்பியிருக்கிறார்கள். வழக்கமாக வரும் கடை அக்கா பிரசவத்துக்குப் போய்விட்டாள். அடுத்த ஊர் மட்சுனோசே. ஆனால் விடிகாலை மழையில் மலைச்சரிவு இடிந்து சாலையில் விழுந்துவிட்டது. பஸ் அவளை இங்கே நகிஹாமாவில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

“அவ்வளவுதானே? இவன் படகுல கொண்டுபோய் விடுவான்.”

“யாரு, நானா?” என்றான் தெப்பெய்.

“படகா!” என்றாள் சயோரி. அவள் குரல்தான் அதிகம் நடுங்கியது.

“ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துறீங்க… பொருத்தம் நல்லாத்தான் இருக்கு!” அத்தை அகப்பையால் அண்டாவைத் தட்டிச் சிரித்தாள்.

சயோரிக்குக் கடல் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அடி தெரியாத தண்ணீரைப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். ஆனால் இந்தத் திமிர் பிடித்தவன் முன்னால் அதைச் சொல்வதா? கண்ணாடிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படகில் இறங்கினாள். அவன் நீட்டிய கையைப் பார்க்காதது போல் இருந்துவிட்டாள். இறங்கியதும் படகு ஆட, அதே கையைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

துறையைத் தாண்டியதும் கரை மாறியது. இருபுறமும் செங்குத்துப் பாறைகள், மேலே காற்றில் சாய்ந்த பைன் மரங்கள், கீழே பாறை இடுக்குகளில் சீறும் வெள்ளை நுரை. தூறல் கடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சயோரி கண்ணை இறுக மூடியிருந்தாள்.

“மேடம் தூங்குறீங்களா?”

“ரசிக்கிறேன்.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“நாங்க கண்ணாடிக்கடைக்காரங்க அப்படித்தான்.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு நன்றாக இருந்தது என்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“பேரு என்ன?”

“சயோரி.”

“அடடே! முரல் மீனுக்கு நாங்க வச்ச பேரு அது. மீன் பேரை வச்சுக்கிட்டுத் தண்ணிக்குப் பயமா?”

“எனக்கொண்ணும் பயமில்ல.”

“அப்படியா… என் சட்டையை விடுங்க. கிழிஞ்சிடும்.”

அப்போதுதான் அவள் கவனித்தாள். அவன் மழைக்கோட்டின் ஓரத்தை எப்போது பிடித்தாளோ… கைப்பிடிக்குள் கசங்கிக் கிடந்தது. சட்டென விட்டாள். அந்த நிமிடத்தில்தான் படகின் அடியில் ‘டும்’ என்று ஒரு அடி விழுந்தது.

“பாறையில மோதிட்டோமா?”

அவன் படகின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்த்தான். மோட்டாரின் வேகத்தைக் குறைத்தான். அடிகள் நிற்கவில்லை. டும், டும், டும்… யாரோ கடலின் அடியிலிருந்து சுத்தியலால் பலகையைத் தட்டினார்கள். தண்ணீரின் மேல்பரப்பு முழுவதும் சிலிர்த்துச் சின்னச் சின்னத் துளிகளாய்த் துள்ளியது. பாறை முகடுகளிலிருந்து கடற்புறாக்கள் ஒரே கூட்டமாக அலறிக்கொண்டு எழுந்தன. அடுத்த நொடி, பாறையின் ஒரு பக்கம் தூசியோடு உதிர்ந்து கடலில் சரிந்தது. சயோரியின் பைக்குள் கைபேசி வீறிட்டது. தூரத்தில் நகிஹாமாவின் அபாயச் சங்கு ஊளையிடத் தொடங்கியது.

“நிலநடுக்கம்…” அவள் உதடு வறண்டது. “கரை… கரைக்குப் போங்க! சீக்கிரம்!”

தெப்பெய் சுக்கானை ஒடித்தான். படகு வட்டமடித்தது. ஆனால் கரையை நோக்கி அல்ல… திறந்த கடலை நோக்கி!

“எங்க போறீங்க? கரை அந்தப் பக்கம்!”

“தெரியும்.”

“திருப்புங்க! ஐயோ, திருப்புங்க! சுனாமி வரும்!”

“அதான் போறோம்.”

பைத்தியமா இவன்? அலை வருகிற திசைக்கே போகிறானே! அவள் கையால் அவன் முதுகில் அடித்தாள். மீண்டும் அடித்தாள். அவன் ஒரு கையால் அவள் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்து, தன் அருகே பலகையில் உட்கார வைத்தான்.

“சயோரி, இங்க பாருங்க. கேளுங்க.” காற்றை மீறிக் கத்தினான். “கரைகிட்ட ஆழம் கம்மி. அங்கதான் அது சுவரா எழும்பும். ஆழத்துக்குப் போயிட்டா அது நம்மளை ஒண்ணும் பண்ணாது. நேரம்தான் முக்கியம். இப்ப கரைக்குத் திரும்பினா பாறைக்கும் அலைக்கும் நடுவுல மாட்டிப்போம். புரியுதா?”

புரியவில்லை. பயத்தில் எதுவும் புரியாது. அவன் முகத்தை மட்டும் பார்த்தாள். அவனும் பயந்துபோயிருந்தான். தாடை நடுங்கியது. ஆனால் சுக்கானைப் பிடித்த கை நடுங்கவில்லை. அந்தக் கையை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை.

துறையிலிருந்து படகுகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வந்தன. ஒரே இழுப்பில் அவிழும் கயிறு எதற்கு என்று இப்போது அவளுக்கு விளங்கியது. மூன்று முடிச்சு! சற்று முன் இவன் வந்து அதைப் பார்க்காமல் இருந்து, சங்கும் இப்போது ஊதி, அந்த ஈரக் கயிற்றோடு இவன் துறையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால்… அவள் படகின் விளிம்பில் சாய்ந்து வாந்தியெடுத்தாள். அவன் அவள் தோளை விடவே இல்லை.

வெகுதூரம் போன பிறகு இன்ஜினைத் தணித்தான். சுற்றிலும் நகிஹாமாவின் படகுகள், எல்லாம் கடலைப் பார்த்தபடி. வானொலிப் பெட்டியில் ஒருவர் பேரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். ‘நான் இருக்கேன்’, ‘நானும் இருக்கேன்’… கரையிலிருந்து மட்டும் குரல் வரவில்லை. மின்சாரம் போயிருக்க வேண்டும்.

“அலை எப்ப வரும்?” பல் கிடுகிடுக்கக் கேட்டாள்.

“வந்துட்டுப் போயிருக்கும்.”

“என்னது! எனக்கு ஒண்ணுமே தெரியலையே?”

“நமக்குத் தெரியாது. காலுக்கு அடியிலயே போயிடும்.” அவன் கரைப்பக்கம் பார்த்தான். “அங்க இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.”

சயோரி காலடிப் பலகையைப் பார்த்தாள். தங்களைத் தொடாமல், சத்தம் போடாமல், இந்தப் பலகைக்கு அடியில் ஊர்ந்து போன ஒன்று… இப்போது அந்த அண்டாவுக்கும் அகப்பைக்கும் அருகே போய்க்கொண்டிருக்கிறது!

“அத்தை…” என்றாள்.

“ஓடியிருப்பாங்க.” அவன் குரலில் உறுதி இல்லை. “எங்க ஊர்ல பிள்ளைங்களுக்கு நடக்க வந்ததுமே சொல்லிக் குடுத்துடுவோம். ஆடுச்சுன்னா அவங்கவங்க ஓடணும். யாருக்காகவும் யாரும் நிக்கக் கூடாது. அம்மாவைத் தேடிப் பிள்ளை போகக் கூடாது, பிள்ளையைத் தேடி அம்மா போகக் கூடாது. எல்லாரும் ஓடிடுவாங்கன்னு நம்பி அவங்கவங்க ஓடணும். அப்பத்தான் எல்லாரும் மிஞ்சுவாங்க.”

“அது எப்படிங்க முடியும்?”

அவன் கரையிலிருந்து கண்ணை எடுத்தான். தன் மழைக்கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டான். பெட்டியிலிருந்து சோற்று உருண்டை ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தான்.

“என் அண்ணிக்கு முடியல,” என்றான் பிறகு.

அந்தப் பெரிய அலை வந்த வருடம். தெப்பெய் அப்போது பள்ளிக்கூடப் பையன். அண்ணன் கசுமாவுக்குக் கல்யாணமாகி ஒரு குளிர்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. பூமி ஆடியதும் அண்ணன் படகை எடுத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விட்டான். அண்ணியும் மேட்டுக்கு ஏறிவிட்டாள். பத்திரமாகத்தான் இருந்தாள்.

“அண்ணன் படகு வெளியே போயிடுச்சான்னு அவங்களுக்குத் தெரியல. ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன்னு இறங்கினாங்க. நான் கையைப் பிடிச்சேன்… உதறிட்டுப் போனாங்க. துறையில நின்னு கடலைப் பார்த்தாங்க. மேலேர்ந்து எனக்குத் தெரிஞ்சுது. அண்ணன் எப்பவோ ஆழத்துக்குப் போயிட்டான். அவனுக்காகத்தான் நின்னாங்க.”

அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சயோரியின் கையில் சோறு அப்படியே இருந்தது.

“அண்ணன் இப்ப எங்க?”

“உள்நாட்டுல டாக்சி ஓட்டறான். மீன் வாசம் பட்டாலே எழுந்து போயிடுவான்.”

தூறல் வலுத்தது. யாரும் கரைக்குப் போகத் துணியவில்லை. முதல் அலை போனால் இரண்டாவது வரும், மூன்றாவது வரும், பின்னால் வருவதுதான் பெரியதாகவும் இருக்கும். பொழுது சாயச் சாய, தெப்பெய் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி மேட்டையே பார்த்தான். மேட்டுக் கோயிலின் சிவப்பு வாசலில் மஞ்சள் துணி கட்டினால், எண்ணிப் பார்த்து எல்லாரும் வந்துசேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதுதான் ஊர் வழக்கம்.

“இன்னும் கட்டல,” என்றான். “யாரோ குறையுறாங்க.”

சயோரி அவன் பார்த்த திசையில் பார்த்தாள்.

“மஞ்சளா… ஏதோ ஆடுதே?”

“எங்க? ஒண்ணுமில்ல.”

“இருக்குங்க! சிவப்புக்குப் பக்கத்துல.”

“என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லாதீங்க!” என்று சீறினான்.

இந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூட வந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மட்சுனோசேயில் ஒரு பெரியவருக்குச் சேர வேண்டிய தூரத்தைப் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவன் மூக்கில் மாட்டினாள். தடித்த கறுப்பு விளிம்பு. அவன் முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

“இப்பப் பாருங்க.”

அவன் பார்த்தான். வாய் மெல்லத் திறந்தது. அழத் தொடங்கினான். சத்தமில்லாமல், சின்னப் பிள்ளை மாதிரி, தோள் குலுங்க. அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். யார் என்றே தெரியாத ஒருவனை… ஆனால் அந்த நேரத்தில் உலகத்திலேயே அவளுக்குத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

எச்சரிக்கை விலகியபோது மேற்கே மலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. அலை இந்த முறை ஊருக்குள் ஏறவில்லை. பாசிக் கயிறுகளை அறுத்து, துறையில் சேற்றையும் மீன்பெட்டிகளையும் வாரிப் போட்டிருந்தது. அவ்வளவுதான். அத்தை அண்டாவைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தாள்.

சயோரி கரையில் கால் வைத்தாள். அவன் கை நீட்டினான். இந்தத் தடவை அவள் உடனே பிடித்துக்கொண்டாள். விடவும் இல்லை. அவனும் விடவில்லை… கொஞ்ச நேரம். பிறகு அவனே மெதுவாக விரல்களைப் பிரித்தான்.

“நாளைக்குச் சாலை சரியாயிடும். போயிடுங்க.”

“போகத்தானே போறேன்.”

“திரும்ப வராதீங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னிக்கு ஒரு நாள்ல நடந்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்,” என்றான் தலை குனிந்தபடி. “அதான் சொல்றேன். என் படகை எதிர்பார்த்துக் கரையில ஒருத்தி நிக்கக் கூடாது. நான் அப்படித்தான் முடிவு பண்ணியிருக்கேன். நீங்க நிப்பீங்க. உங்க கண்ணைப் பார்த்தாலே தெரியுது.”

“அதைக்கூட மூக்குகிட்ட வச்சுப் பார்த்தாத்தானே உங்களுக்குத் தெரியும்!”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ரோஷம்! மறுநாள் பஸ்ஸில் ஏறும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் மலை வளைவில் திரும்பியதும் அழுதாள்.

மொரியோகாவில் கோடை வந்தது. பூமி லேசாக ஆடினாலும், அலமாரியில் கண்ணாடிகள் கிணுகிணுத்தாலும், அவள் கை வேலையை விட்டுவிடும். எந்தக் கடலில் இருக்கிறானோ? மலைகளைத் தாண்டி அந்தப் பயம் அவளைத் தேடி வந்துகொண்டே இருந்தது. காதல் என்றால் மனம் பறக்கும் என்றல்லவா தோழிகள் சொன்னார்கள்? இவளோ ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுனாமி எச்சரிக்கை உண்டா என்று கைபேசியைத் தேடினாள்.

சால்மன் மீன் வரும் காலத்தில் மீண்டும் நகிஹாமாவுக்கு வந்தாள். வேலைக்குத்தான் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள். கையில் ஒரு கண்ணாடிக்கூடு. அவன் முகத்துக்கென்றே பார்த்துப் பார்த்து எடுத்த மெல்லிய விளிம்பு.

அத்தை துறையில் கணவாய் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “வாடி என் கண்ணாடி! அவன் மூஞ்சி இத்தனை மாசமா நனைஞ்ச வலை மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கு. போய் நீயே கேளு.”

தெப்பெய் படகருகே நின்றான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது… உடனே இறுகியது.

“வராதீங்கன்னு சொன்னேனே.”

“கண்ணாடி குடுக்க வந்தேன்.”

“யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. பிடிங்க!” அவன் மேல் வீசினாள். “இனிமேலாவது எதிர்ல நிக்கிறவ யாருன்னு தெரியட்டும்! நீங்க பாட்டுக்கு முடிவு பண்ணுவீங்களா? நான் நிப்பேன்னு உங்களுக்கு யாரு—”

தரை உதறியது.

வார்த்தை வாயிலேயே நின்றது. காயப்போட்ட கணவாய்கள் கயிற்றில் குதித்தன. கம்பங்கள் ஆடின. அவள் மண்டியிட்டு விழுந்தாள். ஆட்டம் நீண்டது, நீண்டுகொண்டே போனது… அது அடங்குவதற்குள் சங்கு ஊதத் தொடங்கியது.

தெப்பெய் கயிற்றை ஒரே இழுப்பில் உருவினான். படகில் குதித்தான். குதித்தவன் அவளைப் பார்த்தான். கக்கத்தில் அந்தக் கண்ணாடிக்கூடு. எதுவும் சொல்ல நேரமில்லை. அந்தக் கண்களில் இருந்த பயம் அவளுக்கானது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

‘போகாதே’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. ‘என்னையும் கூட்டிட்டுப் போ’ என்று அழ வேண்டும் போலிருந்தது. படகு துறைவாயைத் தாண்டும் வரையாவது, ஒரே ஒரு நிமிடம், பார்த்துவிட்டு…

அந்த ஒரு நிமிடம்!

சயோரி எழுந்தாள். திரும்பினாள். ஓடினாள்.

மேட்டுப் படிகள் செங்குத்தானவை. அத்தை கையில் ஒரு கணவாயோடு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். “பேசாம ஏறு, பேசாம ஏறு” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே. சயோரியின் மூச்சு தொண்டையில் அறுத்தது. முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. தூரமாகிறதா? நின்றுவிட்டதா? தெரியவில்லையே… திரும்பினால் தெரிந்துவிடும். தலை தானாகத் திரும்பப் பார்த்தது. இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கண்ணீரில் படி தெரியவில்லை. அவன் போயிருப்பான். போயிருப்பான் என்று நம்பு. நம்பிக்கொண்டே ஏறு.

மேலே போய்ச் சேர்ந்ததும் கோயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் கடலைப் பார்த்தபோது அவள் ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று பெரிய அலை வரவில்லை. முழங்கால் அளவு நீர் துறைக்குள் ஏறி இறங்கியதோடு சரி. எச்சரிக்கை விலகி, மக்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கியபோது, எதிர்த்திசையில் ஒருவன் படிகளில் தாவித் தாவி மேலே வந்தான். மூக்கில் புதுக் கண்ணாடி. கண்ணாடியெல்லாம் உப்பு.

“சயோரி!”

அவள் இப்போதுதான் திரும்பினாள்.

“நான் திரும்பிப் பார்த்தேன்,” என்றான் மூச்சு வாங்க. “துறைவாயைத் தாண்டுறப்ப. ரொம்பத் தெளிவாத் தெரிஞ்சுது. நீ நின்ன இடத்துல… யாருமில்ல.”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது? இருவரும் கவனிக்கவில்லை.

“ஓடிட்டேன்.”

“ஒரு தடவைகூட…?”

“ஒரு தடவைகூடத் திரும்பல. திரும்பினா நின்னுடுவேன்னு தெரியும். அதான்… கழுத்து இன்னும் வலிக்குது.”

அவன் அவளுக்கு எதிரே படியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அந்தக் காலி இடத்தைப் பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அவ பிழைச்சுப்பான்னு தோணுச்சு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா… அதுக்கு மேல பின்னால பார்க்காம கடலுக்குள்ள போனேன்.” அவன் கண்கள் நிறைந்தன. “உன்னை வராதேன்னு சொன்னது பொய். நீ போன நாள்லேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துக்கிட்டு இருந்தேன். உன்னைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு நீ வேணும், சயோரி.”

“எனக்கும்தான்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆனா எனக்குப் பயமா இருக்கே… கடையில கண்ணாடி கிணுகிணுத்தாக்கூடப் பதறுது. இது போகுமா?”

“போகாது.”

“போகாதா!”

“அத்தைக்கே போகல. எனக்கும் போகல.”

அவள் துறைப் பக்கம் திரும்பினாள். கீழே படகுகள் ஒவ்வொன்றாக முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தன.

“சரி. பயந்துக்கிட்டே இருந்துக்கறேன்.”

“என்னைக் கட்டிக்கிட்டு…” அவன் கண்ணாடியைக் கழற்றி உப்பைத் துடைத்தான். “கட்டிக்கிட்டு, அது ஆடுறப்பல்லாம் என்னை விட்டுட்டு ஓடுவியா?”

“ஓடுவேன். எங்கே இருக்கீங்கன்னு திரும்பிக்கூடப் பார்க்காம ஓடுவேன். சத்தியமா.”

அவன் அவள் கையைப் பிடித்தான். இந்த முறை விரல்களைப் பிரிக்கவில்லை.